அவன்தானே முதல்ல ஆரம்பிச்சான்!

மைதானத்தில் ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டால் உடனே இரண்டு சமாதானங்கள் வரும். "ஆட்டச் சூடு சார், அந்த நேரத்துல என்ன செய்யறோம்னே தெரியாது" என்பது முதலாவது. "அவன்தானே முதல்ல ஆரம்பிச்சான்" என்பது இரண்டாவது. ஜிடான் கதையில் இரண்டையும் சொல்லலாம். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மாத்தராசி ஏதோ சொன்னார், சில நொடிகளில் ஜிடான் திரும்பி வந்து மார்பில் முட்டினார். முட்டியவருக்கு மூன்று ஆட்டத் தடை, வாய்விட்டவருக்கு இரண்டு. ஓய்வு பெறப்போவதாக ஏற்கெனவே அறிவித்துவிட்டவருக்குத் தடை போட்டது தனி நகைச்சுவை.

ஆனால் ஐஸ் ஹாக்கியில் நடந்த ஒன்றை இந்த ரெண்டு சமாதானமும் காப்பாற்றாது.

2004 பிப்ரவரி 16. கொலராடோ அணியின் இளம் வீரர் ஸ்டீவ் மூர், வான்கூவர் கேப்டன் நாஸ்லுண்ட் மீது மோதினார். நாஸ்லுண்டுக்குத் தலையில் அடி, மூன்று ஆட்டங்கள் போயின. நடுவர் பெனால்டி தரவில்லை. லீக்கும் ஆராய்ந்து பார்த்துவிட்டு, விதிப்படி சரிதான் என்று விட்டுவிட்டது. மூரின் தலைக்கு விலை இருக்கிறது என்று வான்கூவர் வீரர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். மார்ச் தொடக்கத்தில் இரு அணிகளும் மறுபடி சந்தித்தபோது லீக் கமிஷனரே அரங்குக்கு வந்திருந்தார். அன்று ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் 8 அன்று வான்கூவரில் அடுத்த ஆட்டம். மூர் முதல் பகுதியிலேயே ஒரு சண்டையில் இறங்கி, அந்த விளையாட்டின் எழுதாத சட்டப்படி 'கணக்கை' அடைத்துவிட்டார். போதவில்லை. கடைசிப் பகுதியில் கொலராடோ 8-2 என்று முன்னிலையில் இருந்தபோது, டாட் பெர்டூஸி மூரின் பின்னாலேயே போய்ச் சீண்டினார். மூர் கண்டுகொள்ளவில்லை. பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து, தலையில் குத்தி, பனித்தரையில் சாய்த்து, மேலேயே விழுந்தார். மூருக்குக் கழுத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன. அதற்குப்பின் அவர் ஆடவேயில்லை.

மூன்று வாரம் ஆறாத சூடு என்ன சூடு?

தண்டனை 17 மாதத் தடை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் ஊதியத் தகராறில் ஒரு முழு சீசனே ரத்தானதால், பெர்டூஸி இழந்த லீக் ஆட்டங்கள் பிளேஆஃப் சேர்த்து 20. (அந்தக் காலத்தில் வெளிநாட்டிலும் ஆட முடியாதபடி சர்வதேச அமைப்பு தடுத்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.) நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 80 மணிநேரச் சமூக சேவை. 2006 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்கு ஆடினார். மொத்தத்தில் அந்த லீக்கில் 1,100க்கு மேற்பட்ட ஆட்டங்கள். மூர் ஆடியது 69.

'வீரர்களே ஒருவரையொருவர் கட்டுப்படுத்திக்கொள்வார்கள், அதனால்தான் ஆட்டம் பாதுகாப்பாக இருக்கிறது' என்பது ஹாக்கி ரசிகர்களின் வேதம். சண்டைக்கு ஐந்து நிமிடம் வெளியே உட்காரவைக்கும் விளையாட்டு இப்படித்தான் பேசும். எழுதாத சட்டத்துக்கு உச்சவரம்பு கிடையாது, அப்பீல் கிடையாது. எப்போது கணக்கு முடிந்தது என்று சொல்ல ஆளும் கிடையாது. மூர் ஒருமுறை அடைத்த கடனை இரண்டாம் முறை வசூலித்தார்கள், அவ்வளவுதான்.

என் வேலையில் சர்வர் விழுந்தால் கடைசியாகக் கைவைத்தவனைத் திட்டிவிட்டு ஃபைலை மூடமாட்டோம். பழைய லாக் வரை போவோம். இங்கே லாக் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. முதல் மோதலைத் தண்டிக்காமல் விட்டது லீக். மிரட்டலைக் கேட்டும் அடுத்த ஆட்டத்தை ஆடவிட்டது லீக். வான்கூவர் அணிக்கு அபராதம் 2,50,000 டாலர்! ஒரு தொழில்முறை அணிக்கு அது கை அழுக்கு.

இன்னொன்று, காயத்தைப் பார்த்துத் தண்டனையை அளக்கும் பழக்கம். மூர் எழுந்து நடந்திருந்தால் அதே குத்துக்குச் சில ஆட்டத் தடையோடு விஷயம் முடிந்திருக்கும். ரக்பி இதில் எவ்வளவோ மேல். தலைக்கு ஆபத்தான டாக்கிள் என்றால், வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்காமலேயே சிவப்பு அட்டை காட்ட விதி இடம் தருகிறது. பின்னாலிருந்து தலையில் குத்துவதற்கு, அடிபட்டவன் எழுந்தாலும் எழாவிட்டாலும், ஒரு முழு சீசன் போகவேண்டும். அதை ஆட்டக் கணக்கில் எண்ணவேண்டும், காலண்டரில் அல்ல. முன்கூட்டியே மிரட்டிய அணி புள்ளிகளை இழக்கவேண்டும். டாலரைவிடப் புள்ளி போனால்தான் பயிற்சியாளர் தன் ஆளைச் சட்டையைப் பிடித்து உட்காரவைப்பார்.