மூணுக்கு ஒண்ணு

அம்மா போய் ஒரு வருஷமாகிறது. அதிலிருந்து திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டே ஆம்பளைகள். நான், என் நைனா. எங்கள் அடுப்படியில் நடப்பதைச் சமையல் என்று சொன்னால் சமையல்காரர்கள் கேஸ் போடுவார்கள். காலையில் உப்புமா. ராத்திரி சோறு. நடுவில் சோறு.

போன மாசம் நைனாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

"சுகர் எகிறியிருக்கு. சோத்தைக் குறைங்க. பயறு, பச்சைக் காய்கறி சேருங்க. இல்லேன்னா கண்ணு, காலுன்னு ஒவ்வொண்ணா கணக்குத் தீர்த்துடும்."

கணக்கு என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடியேன் பி.காம்.

டெக்சாஸில் இருக்கும் காலேஜ் சிநேகிதனிடம் வாட்ஸப்பில் புலம்பினேன். உடனே அனுப்பினான்: சவுத்வெஸ்டர்ன் சாப்டு சாலட்! ('சாப்டு' என்றால் நம்ம ஊர் 'சாப்பிடு' இல்லை. பொடியாக நறுக்கியது என்று அர்த்தம். சாப்பிடுவது அப்புறம்தான் தெரியும்.)

"தென்மேற்குன்னா இன்னாடா? மழை வருமா?" என்றார் நைனா.

"அமெரிக்காவுல தென்மேற்கு நைனா. டெக்சாஸ், நியூ மெக்ஸிகோ, அரிசோனா..."

"அவ்ளோ தூரத்துலேந்து வர்றதுக்குள்ள ஊசிப் போயிருக்குமே!"

சமாசாரம் சுலபம்தான். கறுப்பு பீன்ஸ், மக்காச்சோளம், தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், கொத்தமல்லி, லெட்டூஸ், அவகாடோ. எல்லாவற்றையும் சோள முத்து சைஸுக்கு நறுக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு ஸ்பூனிலும் எல்லாரும் ஆஜர். கறுப்பு பீன்ஸுக்குப் பதில் ராஜ்மா. ராத்திரி பூராவும் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, குக்கரில் மசிய வேகவைத்தேன் (ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் வயிறு வசூல் பண்ணிவிடும்). லெட்டூஸுக்குப் பதில் முட்டைகோஸ். அவகாடோவின் விலையை விசாரித்தேன். நலம் விசாரித்ததோடு சரி.

சூட்சுமம் மேலே ஊற்றுகிற வினிகிரெட்டில் இருக்கிறது. எண்ணெய் மூணு பங்கு, வினிகர் ஒரு பங்கு. படித்ததும் எனக்குப் பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் ஞாபகம் வந்தது. லாபப் பங்கீடு 3:1. ஆனால் இரண்டு பார்ட்னருக்கும் ஆகாது. பாட்டிலில் போட்டுக் குலுக்குகிற வரை கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். கீழே வைத்தால் ஆளுக்கொரு மாடி. அதற்குத்தான் கடுகுத்தூள் என்கிற மூன்றாவது பார்ட்னர். அது நடுவில் புகுந்து சமாதானம் பேசி, இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கும்.

ஆபீஸிலிருந்து வந்து ஒரு மணி நேரம் நறுக்கினேன். கோபி மஞ்சூரியனுக்கு வாங்கி வைத்த வினிகரை ஊற்றிக் குலுக்கிக் கலந்து, கிண்ணத்தில் போட்டு நீட்டினேன்.

நைனா முகர்ந்தார். "பாத்ரூம் கழுவுன மாதிரி கீது."

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு நைனா."

"பச்சைக் கோஸு எனக்கு வாணாம். சோறு போடு."

ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு அப்போது வந்தது. "அம்மா மாதிரி நீயும் போயிடு! நான் தனியா உப்புமா தின்னுக்கிறேன்!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு கிண்ணத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

நைனா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "பச்சையா தின்ன நாளெல்லாம் போதும்னுதான்டா சோறு சோறுன்னு நிக்கிறேன்" என்றார்.

நைனா ரங்கூனில் பிறந்தவர் என்பது எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு மாதிரி. இருக்கும். யாரும் பிரித்துப் படித்ததில்லை. 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்ததும், 1964-ல் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டதும், அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் எனக்குப் புஸ்தகத்தில் படித்த விஷயம். தாத்தாவின் சின்னக் கடையும் பெட்டியிலிருந்த நோட்டுகளும் அப்படித்தான் போயின என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"மறு வருஷம் கப்பல்ல வந்து மெட்ராஸ் ஹார்பர்ல எறங்கறப்ப எனக்கு ஒம்போது வயசு. தங்க வெச்ச எடத்துல மொதல் நாள் அடுப்பில்ல, வெறகில்ல. ஆயா எங்கேர்ந்தோ ஒரு கோஸு கொண்டாந்துச்சு. பொடிசா அரிஞ்சு, புளியக் கரைச்சு ஊத்தி, கையால பெசஞ்சு குடுத்துச்சு. ஒரு வாரம் அதான். அந்தக் கோஸு வாசன வந்தாலே எனக்கு..."

முடிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார். "ஆனா ஒண்ணு. ஆயா பண்ணா இப்படி நாறாது. புளி எங்க வெச்சிருக்க?"

பர்மியர்கள் சாலட்டை 'அதொக்' என்கிறார்கள். கையால் பிசைந்து கலப்பது என்று பொருள். அப்படி வந்தவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூர் பர்மா நகரிலும் குடியேறினார்கள். 1969-ல் ஹார்பருக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. பக்கத்தில் செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டிகள் வந்தன. வண்டியில் நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ எல்லாவற்றையும் கையால் கலந்து கொடுத்தார்கள். நம் வாயில் அது 'அத்தோ' ஆகிவிட்டது. காலேஜ் நாளில் எத்தனை பிளேட் தின்றிருப்பேன்! தின்றது சாலட் என்று யாரும் சொல்லவில்லை.

நைனாவின் கணக்கு, இரண்டு பேருக்கு: நெல்லிக்காய் அளவு புளியைக் கால் டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைக்க வேண்டும். ஆறு பல் பூண்டைச் சீவி, ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெயில் சிறு தீயில் வறுக்க வேண்டும். பொன்னிறம் வந்ததும் இறக்கு; பழுப்பானால் கசக்கும். புளித்தண்ணீர் மூணு பெரிய ஸ்பூன், அந்தப் பூண்டு எண்ணெய் ஒண்ணு. டெக்சாஸ்காரன் பங்கீடு அப்படியே தலைகீழ்! உப்பு, அரை ஸ்பூன் மிளகாய்த்தூள். கடைசியில் பொட்டுக்கடலை மாவு ஒரு ஸ்பூன். அது புளித்தண்ணீரைக் குடித்து, எண்ணெயையும் பிடித்து, இரண்டையும் காயோடு ஒட்ட வைக்கிறது. கடுகு செய்த அதே சமாதான வேலை.

"முன்னாடியே கலந்து வெச்சிடாத. உப்பு பட்டா காய் தண்ணி வுட்டுடும். தின்னப்போறப்ப பெசை. ஸ்பூனா? கையால பெசைடா!"

புதுசாக நறுக்கிய கோஸும் மிச்சமிருந்த ராஜ்மாவும் தட்டில் விழுந்தன. அவரே பிசைந்தார். எழுபது வயசுக் கை. லேத் பட்டறையில் காய்த்துப் போன விரல்கள், கோஸை மட்டும் நசுக்காமல் புரட்டின. முதல் உருண்டையை எனக்கு நீட்டிவிட்டு, இரண்டாவதை, கண்ணை மூடிக்கொண்டு, தன் வாயில் போட்டார்.

நான் சோறு வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது வாரத்தில் நாலு ராத்திரி எங்கள் வீட்டில் இதுதான். மாத்திரையும் தொடர்கிறது. நேற்று டாக்டரிடம் போனோம். இன்னும் பாஸ் மார்க் இல்லை, அரியர்ஸ் குறைந்திருக்கிறது. கண்ணாடியைத் துடைக்கவில்லை.

திரும்பி வரும்போது நைனா சொன்னார்: "ஒரு ஞாயித்துக்கெழமை செகண்ட் லைன் பீச் போலாம்டா. நூடுல்ஸ் நீ தின்னு. அவன் ஒழுங்கா பெசையறானான்னு நான் பாக்கறேன்."