அடுப்படியும் அமினோவமிலமும்

பேணியில் அடைத்து விற்கப்படும் அமினோவமிலத் தூளை உட்கொண்டால் குடல் வலுப்பெறும், நோய் அணுகாது என்பது மெய்தானா என மாணவரும் பெற்றோரும் நம்மை அடிக்கடி வினவுகின்றனர். பதுளையிலும் பண்டாரவளையிலும் மருந்துக்கடைக் கண்ணாடிப் பேழைகளில் இப்பேணிகள் அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் விலை கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் பல நாட் கூலியை விழுங்கிவிடும். ஆதலின், பணப்பையைத் திறக்குமுன் விடை காண்பது நன்று.

நம் உடலின் புரதங்கள் யாவும் 20 வகை அமினோவமிலங்களால் ஆனவை. அவற்றுள் 9 வகையை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது; உணவினின்றே பெறுதல் வேண்டும். பல நிறப் பூக்களால் மாலை தொடுப்பவளுக்கு ஒரு நிறப் பூ தீர்ந்துபோனால், எஞ்சியவை கூடை நிறைய இருந்தும் மாலை நின்றுவிடுகிறது. புரதத்தின் கதையும் இதுவே. அமெரிக்க அறிஞர்களான ஒஸ்போணும் மெண்டலும் 1914ஆம் ஆண்டில் கோதுமைப் புரதமொன்றை மட்டும் எலிக்குஞ்சுகளுக்கு ஊட்டினர், அவை வளரவில்லை. லைசின் என்னும் அமினோவமிலத்தைச் சேர்த்ததும் வளரத் தொடங்கின.

பேணிகளிற் பெரிதும் விளம்பரம் பெறுவது குளூற்றமின். சிறுகுடலின் உட்சுவர்க் கலங்களுக்கும், நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களுக்கும் அது எரிபொருளாவது உண்மையே. ஆயின் உடல் நாளொன்றுக்கு 40 முதல் 80 கிராம் வரை குளூற்றமினைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்பதைப் பேணி கூறுவதில்லை. பேணிக்காரர் தருவதோ ஒரு கரண்டி, ஏறக்குறைய 5 கிராம்! கடும் நோயுற்றோர்க்கு மிகுதியாக அளித்தால் உயிர் காக்கலாமென்று கருதி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரிடம் செய்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 2013இல் வெளிவந்தது. இறப்பு குறையவில்லை, கூடியது. ஒரு கரண்டித் தூள் உயிரைக் கொல்லும் என்பது இதன் பொருளன்று. நல்லதைக் கூட்டினால் நன்மையும் கூடும் என்ற கணக்கு உடலினிடம் செல்லாது என்பதே பொருள். ஈரல், சிறுநீரக நோயுடையோர் வைத்தியரைக் கேளாது இதனைத் தீண்டவே கூடாது.

இனி, நம் தோட்டப்புறத்திற்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர்; தோட்டத் துறையிலோ நூற்றுக்கு 32 பேர். பசறையிலும் மடுல்சீமையிலும் லயத்து அடுப்பிற் காலையில் வேகுவது கோதுமைமா ரொட்டி. தொட்டுக்கொள்ளச் சம்பல். வயிறு நிறைகிறது, லைசின்தான் குறைகிறது. வளர்ந்தோர்க்கு ஒரு கிராம் புரதத்தில் 45 மில்லிகிராம் லைசின் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் முதலியன 2007இல் வகுத்தன. வெள்ளைக் கோதுமைமாவில் அதிற் பாதியளவே உண்டு. மைசூர்ப் பருப்பிலோ ஏறத்தாழ 70.

மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 300 கிராம் மாவில் 30 கிராம் புரதம். 100 கிராம் பருப்பில் 24 கிராம். இரண்டையும் கூட்டி லைசினைப் பங்கிட்டால் கிராமுக்கு 44 மில்லிகிராம் வரை வருகிறது. மூன்று பங்கு மாவுக்கு ஒரு பங்கு பருப்பு, அவ்வளவே! வளரும் பிள்ளைக்குப் பருப்பைச் சற்றுக் கூட்டுக. முட்டையோ நெத்தலிக் கருவாடோ சேர்ந்தால் இன்னும் சிறப்பு. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கொருமுறை புதிதாகிறது. கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளும் புரதங்களே. இவ்விரு வேலைக்கும் வேண்டிய சரக்கு இவ்வாறு அடுப்படியிலேயே கிடைத்துவிடுகிறது.

நம் நாட்டில் மெய்யான துணையுணவு ஒன்றும் உண்டு. அது 1973இல் தொடங்கிய திரிபோஷ. சோளமும் சோயாவும் பாற்பொடியும் கலந்த அம்மா, கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டுவோருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்குமென இலவசமாக வழங்குவதற்கு உருவானது. சோளத்தில் லைசின் குறைவு, சோயாவில் மிகுதி. ஒன்றன் குறையை மற்றது நிரப்புகிறது. சோளம் விளையும் மாவட்டங்களுள் நம் ஊவாவின் மொனராகலையும் பதுளையும் அடங்கும். இருந்தும் 2022ஆம் ஆண்டு நெருக்கடியிற் சோளம் கிடையாமல் திரிபோஷ உற்பத்தி தடைப்பட்டது. அதனை ஒரு தொழிற்சாலையின் இடர் என்று கருதியோர் பலர். லயத்துக் குழந்தையின் இடர் என்றே நாம் கருதுகிறோம். பொதி வீட்டுக்கு வந்தபின் பசித்த வாய்கள் அனைத்தும் அதனைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. தாயைக் குறைகூற நமக்கு மனமில்லை. மற்றப் பிள்ளைகளின் தட்டில் என்ன இருந்தது என்பதன்றோ கேள்வி?

குடற்புழுவும் அசுத்த நீரும் உள்ளவிடத்து, உண்ட புரதமும் முற்றாக உடலிற் சேராது. அங்கே முதல் மருந்து புழு நீக்கும் மாத்திரையும் கொதித்தாறிய நீருமே.

ஒரு புதுமையையும் இங்குக் குறிப்பிடுவோம். தேயிலைச் செடியும் தனக்கென ஓர் அமினோவமிலத்தை வேரில் ஆக்கிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. தியனின் எனப்படும் அதனை யப்பானியர் 1949இற் கண்டறிந்தனர். தேநீரின் இன்சுவைக்கு அதுவும் ஒரு காரணம். ஆயின் நம் உடற்புரதம் ஆவதற்கு அது உதவாது. மாறாக, தேயிலையின் துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காது தடுக்கும். ரொட்டியும் பருப்பும் உண்ட கையோடு சாயம் குடிக்கும் வழக்கமுள்ள வீடுகளில், சாயத்தை ஒரு மணி நேரம் பிந்திக் குடிக்குமாறு பிள்ளைகள் இன்றே வீட்டில் எடுத்துச் சொல்லலாம்.