தங்கமான மனுஷன் - கணக்கில் பூஜ்யம்!

ஒரு தெருவில் முப்பது, நாற்பது வருஷம் முடி வெட்டிய ஒருவர் இறந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும்? கடை ஷட்டர் ரெண்டு நாள் சாத்தியிருக்கும். டீக்கடையில் நாலு பேர் "தங்கமான மனுசன், யாரு வம்புக்கும் போவ மாட்டாரு" என்பார்கள். இன்னொருவர் "எம் பையனுக்கு மொத மொட்டை அவருதான் போட்டாரு" என்பார். மூணாவது நாள் எல்லோரும் அடுத்த தெரு சலூனில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அவ்வளவுதான், அஞ்சலி முடிந்தது!

இந்த "தங்கமான மனுஷன்" பட்டம் இருக்கிறதே... கேட்க ரொம்ப நன்றாக இருக்கும். ஆனால் கொடுப்பவருக்கு ஒரு பைசா செலவில்லாத பட்டம் அது. உயிரோடு இருந்தபோது கொடுக்காத மரியாதையை, அவர் கேட்க முடியாத நேரத்தில் கொடுத்துக் கணக்கை முடிக்கும் வேலை.

மேலப்பாளையத்தையே எடுத்துக்கொள்வோம். ஆட்டுச் சந்தை, தறி, பீடி என்று உழைப்பிலேயே வளர்ந்த ஊர். இங்கே ஒரு தெரு சலூன்காரர் என்னென்ன செய்கிறார்? பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாள் முடி இறக்குகிறார். பெருநாளைக்கு முந்தைய ராத்திரி, ஊரே புதுத்துணி வாங்கிக்கொண்டிருக்கும்போது, நின்ற கால் நின்றபடி வெட்டுகிறார். படுத்த படுக்கையான பெரியவருக்கு வீட்டுக்கே போய் சவரம் செய்கிறார். ஆஸ்பத்திரி வசதி பரவாத காலத்தில் சுன்னத் செய்ததும் இந்தத் தொழில்காரர்கள்தான். அக்கம்பக்கத்து கிராமங்களுக்குப் போனால் அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். அரசாங்கத்தின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் "மருத்துவர்" என்ற பெயர் இருப்பது சும்மா இல்லை!

இவ்வளவையும் செய்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனால் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், பெண்ணின் கல்யாணக் கடன், பக்கத்திலேயே பீடி சுற்றிக்கொண்டிருக்கும் மனைவி. இதெல்லாம் அஞ்சலியில் வருமா? வராது.

இப்போது கொஞ்சம் அக்கவுண்டன்சி. பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். ஒரு வியாபாரத்தின் நல்ல பெயருக்கு "குட்வில்" என்று பெயர். காசு கொடுத்து இன்னொருவரிடமிருந்து வாங்கினால் அதைச் சொத்தாக ஏட்டில் எழுதலாம். ஆனால் நீங்களே வருஷக்கணக்கில் உழைத்து உண்டாக்கிய குட்வில்லை எழுத முடியாது. நம் நாட்டு அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 26 இதைத் தெளிவாகவே சொல்கிறது.

தெரு சலூன்காரர் கதையும் இதேதான். நாற்பது வருஷம் கத்தியைக் கழுத்தில் வைத்தும் யாரும் பயப்படாத அளவுக்கு நம்பிக்கை சம்பாதித்திருக்கிறாரே, அதைவிடப் பெரிய குட்வில் உண்டா? ஆனால் அவர் கண்ணை மூடிய அன்று அதன் மதிப்பு பூஜ்யம். மனைவிக்குக் கிடைப்பது ரெண்டு நாற்காலியும் ஒரு கண்ணாடியும்.

அதே சமயம் 2000ல் சென்னையில் தொடங்கிய நேச்சுரல்ஸ் போன்ற கம்பெனிகளைப் பாருங்கள். அந்தப் பெயரை வாசலில் மாட்டிக்கொள்ளவே பணம் கட்டி வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே வெட்டுவதும் அதே முடிதான், அதே கத்திரிதான். ஆனால் அங்கே வெட்டினால் "ஸ்டைலிஸ்ட்", தெருவில் வெட்டினால் வேறு பெயர்! ஏ.சி. போட்டவுடன் தொழிலில் ஒட்டியிருந்த ஜாதி எப்படி ஆவியாகிறது? இந்த அதிசயத்தை யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

"ஜாதியெல்லாம் இப்ப யாருங்க பாக்குறா?" என்று உடனே ஒரு கேள்வி வரும். சரி, பேசுவோம். 2009ல் ஷாருக்கான் படம் "பில்லு பார்பர்" என்ற பெயரில் வருவதாக இருந்தது. "பார்பர்" என்ற சொல் எங்களைப் புண்படுத்துகிறது என்று சலூன்காரர்கள் சங்கம் சொன்னதும், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வெறும் "பில்லு" ஆக்கினார்கள். "ஒரு வார்த்தைக்கு இவ்வளவா?" என்று சிரித்தவர்கள் உண்டு. நம் ஊரில் சண்டை வந்தால் இந்தத் தொழிலின் பெயர் எப்படி வசவாக மாறுகிறது என்பதைக் கேட்டவர்கள் சிரிக்க மாட்டார்கள். தென்மாவட்ட கிராமங்களில் இவர்களைக் "குடிமகன்" என்பார்கள். அரசியல் சட்டத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. ஊருக்குள் அர்த்தம் வேறு! ஜாதியே கிடையாது என்று சொல்லும் மார்க்கத்தில் பிறந்தவர்களும் கொஞ்சம் நெஞ்சில் கை வைத்து யோசிக்கலாம். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம், சரி. சம்பந்தம் பேசும்போது?

அதே கதையைத் தமிழில் 2008ல் "குசேலன்" என்று எடுத்தார்கள். பசுபதி முடிதிருத்துபவர், ரஜினி சூப்பர் ஸ்டார். ஊர் அந்த ஏழையை எப்போது தலையில் தூக்கி வைக்கிறது? பெரிய நடிகர் அவர் நண்பர் என்று தெரிந்த பிறகு! ஆக, அவருக்குக் கிடைத்த மரியாதையும் இரவல் மரியாதைதான்.

நிஜத்திலும் அப்படித்தான். தூத்துக்குடியில் சலூன் வைத்திருக்கும் பொன்.மாரியப்பன், எட்டாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றவர், கடைக்குள் நூலகம் வைத்திருக்கிறார். 2020 அக்டோபரில் பிரதமர் வானொலியில் அவரோடு பேசினார். நல்ல விஷயம், பாராட்டுவோம். ஆனால் "முடி வெட்டுறவரு புஸ்தகம் படிக்கிறாரா!" என்று வாயைப் பிளந்தோமே, அந்த ஆச்சரியத்திலேயே அவமரியாதை இருக்கிறது. தமிழ்நாட்டு சலூன் எப்போது படிக்காமல் இருந்தது? ஓசியில் பேப்பர் படித்து அரசியல் கற்றுக்கொண்ட தாத்தாக்களைக் கேளுங்கள். விடுதலையும் முரசொலியும் உரக்கப் படிக்கப்பட்ட இடம் சலூன் பெஞ்சுதான்.

இந்தச் சமூகத்தில் பிறந்த விஸ்வநாததாஸ் (சிவகாசி, 1886) கதையும் அதேதான். நாடக மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை போனவர். 1940 டிசம்பர் 31 அன்று முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். திருமங்கலத்தில் நினைவு இல்லம் இருக்கிறது. ஆனால் அவர் பிறப்பைக் காரணம் காட்டிச் சில நடிகைகள் அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்ததை எத்தனை பேர் சேர்த்துச் சொல்கிறார்கள்? மரணத்தைக் கொண்டாடுவோம், அவமானத்தை மறப்போம். வசதியான ஞாபகம்!

கடைசியாக 2020. மார்ச் 25ல் ஊரடங்கு. மேலப்பாளையத்துக்கு இன்னும் மோசம். ஊரையே தடுப்பு வைத்து அடைத்தார்கள். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் சலூன் திறக்க மே 24 வரை ஆனது. முழுசாக ரெண்டு மாதம்! அப்பாக்கள் ட்ரிம்மரை வைத்துப் பிள்ளைகள் தலையில் எலி கரண்டிய மாதிரி வெட்டியபோதுதான் இது எவ்வளவு பெரிய வித்தை என்று புரிந்தது. அந்த ரெண்டு மாதமும் சலூன்காரர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எத்தனை பேர் போய்க் கேட்டார்கள்? நலவாரியத்தில் பதிவு செய்யாத முடிதிருத்துவோருக்கும் 2,000 ரூபாய் கொடுப்பதாக அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. அப்படியென்றால் பதிவே இல்லாமல் வாரியத்துக்கு வெளியே நின்றவர்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆகவே நண்பர்களே, செத்த பிறகு சொல்லும் "தங்கமான மனுஷன்" வேண்டாம். இருக்கும்போதே செய்ய நாலு வேலை இருக்கிறது. வயதில் மூத்தவரை "ஏய், வா, போ" என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். வெட்டி முடித்த பிறகு பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள், ஏ.சி. கடையில் பேசுவீர்களா? அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போது "அண்ணாச்சி, முடிதிருத்துவோர் நலவாரியத்துல பதிஞ்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, 60 வயதில் ஓய்வூதியம், இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை எல்லாம் அதில் உண்டு. இல்லை என்று சொன்னால், படித்தவர் நீங்கள்தானே, கூட உட்கார்ந்து அந்த ஃபாரத்தை நிரப்பிக் கொடுங்கள்!

அவர் உங்கள் தலையை நாற்பது வருஷம் பார்த்துக்கொண்டவர். நீங்கள் அவருக்காக அரை மணி நேரம் செலவழிக்கக்கூடாதா?