கூந்தலும் உணவும்

திருவாலங்காட்டினின்று திருத்தணிகைக்குச் செல்வோர், முடி காணிக்கை செலுத்தி மழித்த தலையுடன் மலையிறங்கும் குடும்பங்களைக் காணாது மீளார். அங்ஙனம் மழித்த தலையில் திங்களுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் அளவு மயிர் மீண்டும் வளர்கின்றது. மழித்தால் மயிர் அடர்ந்து வளரும் என்பர் பலர்; அஃது உண்மையன்று. கத்தி களைவது தோலின் மேல் நிற்கும் உயிரற்ற பகுதியையே. உயிருள்ள வேர் தோலின் கீழ்த் தீண்டப்படாது இருக்கின்றது.

இவ்வெளிய காட்சியே நமக்குப் பாடமாகும். வெளியே பூசும் தேங்காயெண்ணெய், நீராடும்போது மயிர் சிதையாமல் காக்கும். அதன் பயன் அவ்வளவே. வேரை ஊட்டுவது குருதி. குருதியை ஊட்டுவது உணவு. இதனை மறந்து, காலையுணவை ஒழித்து, அப்பணத்தைக் கூந்தல் தைலங்களுக்குச் செலவிடும் மாணவ மாணவியரை நோக்கியே இதனை எழுதுகின்றோம்.

2019–21இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் 100க்கு 57 பேர் இரத்தச் சோகையுடையவர். நாள்தோறும் 50 முதல் 100 மயிர் வரை உதிர்வது இயல்பே. அதற்கு மேல் உதிருமாயின், இரும்புச்சத்துக் குறைவும், புரதக் குறைவும், இரண்டு மூன்று திங்களுக்கு முன் வந்த கடுங்காய்ச்சலும் காரணமாயிருத்தல் கூடும். முருங்கைக்கீரை, பயறு, நிலக்கடலை, முட்டை ஆகியன நம் சந்தையிலே கிடைப்பனவே. உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ப்பின் கீரையின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகின் அது குறையும்.

பராமரிப்பும் வேண்டுவதே. அழுக்கும் எண்ணெய்ப்பசையும் தங்காதவாறு முறையாகத் தலை முழுகுதலும், ஈரமயிரை வலிந்து சீவாமையும், பிறர் சீப்பைக் கொள்ளாமையும் போதும். பரம்பரை வழுக்கையும் புழுவெட்டும் உணவால் மட்டும் தீர்வன அல்ல. அவற்றிற்கு மருத்துவரை நாடுக. வழுக்கையைப் போக்குவதாக எம்மருந்தும் உறுதி கூறலாகாதென 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுத்திருப்பதையும் விளம்பரம் படிப்போர் நினைவிற் கொள்க.

காரைக்காலம்மையார் தம் எழிலைத் துறந்து பேயுருவம் தாங்கிப் பாடிய தலமன்றோ ஆலங்காடு, ஈண்டுக் கூந்தலைப் பேணுதல் வீண் ஆடம்பரமன்றோ என வினவுவாரும் உளர். அம்மையார் துறந்தது தாம் பெற்றிருந்ததை. அதுவும் தாமே விரும்பித் துறந்தது. உண்ண வேண்டிய பருவத்தில் உண்ணாது கூந்தலை இழக்கும் பெண் எதனையும் துறந்தாள் அல்லள், அவள் இழக்கின்றாள். உதிரும் மயிர் உடலின் வறுமையை உரைக்கும் தூதாகவும் இருக்கலாம். தூதனுக்கு நறுநெய் பூசி அனுப்பிவிட்டுச் செய்தியைக் கேளாதிருத்தல் அறிவுடைமையாகாது.

ஆதலின், விடுதிச் சமையலறைகளில் வாரம் மும்முறையேனும் கீரையும் பயறும் இடம்பெறல் வேண்டும். காலைப் பாடவேளைக்கு முன் உண்பதற்குப் போதிய நேரமும் அளித்தல் வேண்டும். தைலக் குப்பி வாங்கப் பையிற் கைவிடும் மாணாக்கர், அன்று காலை உண்டோமா என ஒருகணம் எண்ணுவாராக.