பாறையில் வரைந்தது யார்?

ஓவியப் போட்டிக்குப் படம் வரைந்தால் மூலையில் பெயர், வகுப்பு எழுதித்தானே கொடுப்பீர்கள்? நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூர் என்று ஒரு காட்டூர் இருக்கிறது. அங்குள்ள பெரிய பாறை ஒன்றில் மனிதர்கள், விலங்குகள் என்று நூற்றுக்கணக்கான காவி நிறப் படங்கள். பல ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வரைந்தவர் பெயர்தான் இல்லை!

கோத்தகிரிக்கு அருகே வெள்ளரிக்கொம்பையிலும் இப்படிப் பாறை ஓவியங்கள் உண்டு. "எங்கள் முன்னோர் வரைந்தவை" என்கிறார்கள் அங்கு வாழும் குறும்பர்கள். செம்மண், கரி, இலைச்சாறு, வேங்கை மரப் பிசின் கொண்டு அவர்கள் இன்றும் வரைகிறார்கள். தேன் எடுப்பது, அறுவடை, காட்டு விலங்குகள் எல்லாம் அதில் வரும். முன்பு வீட்டுச் சுவரில் வரைந்தார்கள். இப்போது காகிதத்திலும் துணியிலும் வரைந்து விற்கிறார்கள்.

அப்படியானால் பாறையில் வரைந்ததும் அவர்கள்தானா? அவசரப்படாதீர்கள். அதேபோன்ற குச்சி மனிதர்கள் மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகைகளிலும் இருக்கிறார்கள். கரிக்கையூரைச் சுற்றி வாழ்பவர்களோ இருளர்கள். சாயல் மட்டும் போதாது. அதற்காகக் குறும்பர்களின் நினைவை வெறும் கதை என்று ஒதுக்குவதும் சரியல்ல. அதுவும் ஒரு சாட்சிதான்.

இந்தக் குழப்பம் ஐரோப்பாவிலும் உண்டு. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் ஹாலந்து நாட்டுப் பணக்காரர்கள் தங்கள் குழந்தைகளை நாயுடனும் ஆட்டுடனும் நிறுத்திப் படம் வரையச் சொன்னார்கள். பல படங்களில் கையெழுத்து இல்லை. குரு வரைந்தாரா, அவரைப் போலவே வரையப் பழகிய சீடர் வரைந்தாரா என்று இன்றும் சண்டை! ஆனால், மரப்பலகையில் வரைந்த படம் என்றால் பலகையின் வளையங்களை வைத்து மரத்தின் காலத்தையாவது கணக்கிடலாம்.

பாறையில் அந்த வசதி இல்லை. கரியால் வரைந்திருந்தால் கார்பன் முறையில் வயது பார்க்கலாம். காவி என்பது இரும்பு கலந்த மண். அதில் கார்பன் கிடையாது. எந்தப் படத்தின் மேல் எந்தப் படம் ஏறியிருக்கிறது, மேலே என்ன படிந்திருக்கிறது என்று நுணுக்கமாகத்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஆபத்து. கரிக்கையூருக்கு வந்த சிலர் அந்தப் படங்களின் மேலேயே தங்கள் பெயரைக் கிறுக்கி, சுரண்டி வைத்துப் போனதாக 2010-களில் செய்திகள் வந்தன. வரைந்தவர் பெயர் இல்லை, கெடுத்தவர் பெயர் இருக்கிறது! சுரண்டினால் படம் மட்டுமா போகிறது? அதன் மேலிருந்த படிவும் போகிறது. பெயின்ட் பட்டால் பழைய நிறத்தைச் சோதிப்பதும் கடினம்.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சிதைத்தால் 2 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று 2010-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆனால் நடுக்காட்டில் யார் நின்று பார்ப்பது? கரிக்கையூர் இருளர் இளைஞர்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைக்கலாம். அந்தக் காட்டுப் பாதையும் பாறையும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.