அண்டைக் கல்லை அறிவோம்



இவ்வாண்டுச் சங்கச் சுற்றுலா ஜோத்பூருக்கே என்று பலர் குரல் கொடுக்கின்றனர். பாலைவனத்தில் எரிமலை காணலாமே என்பது அவர்கள் ஆவல். ஆவலைக் குறை கூறேன். அங்கே மெஹரான்கர் கோட்டை நிற்பதே எரிமலைப் பாறையின் மீதுதான். ஆனால், அது உறங்கும் எரிமலை அன்று. ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன் உமிழ்ந்து, அணைந்தே போனது. அணைந்த நெருப்பின் தடத்தைக் காண ஆயிரம் கல் தொலைவு ஓடுவானேன்?

நம் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தைச் சுற்றிப் பாருங்கள். வெளிறிய பாறையைப் பிளந்துகொண்டு கரிய பாறை சுவர்போல் நீண்டு கிடக்கும். அதன் பெயர் டோலரைட். எரிமலைக்குத் தீனியிடும் அதே கற்குழம்பு, நிலத்தடி வெடிப்புகளில் புகுந்து, அங்கேயே உறைந்தது. மேலிருந்த பாறையெல்லாம் காலத்தால் தேய்ந்துபோக, இன்று வெயிலில் நிற்கிறது. வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டு!

கடைத்தெருவில் இதற்குப் பெயர் 'கறுப்பு கிரானைட்'. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த என் தந்தை, முப்பது ஆண்டுகள் இக்கல்லை வெட்டினார். சுத்தியல் ஓசையிலேயே கல்லின் உட்பிளவைச் சொல்லிவிடுவார். சென்ற விடுமுறையில் அவரிடம், "இது ஒரு காலத்துல நெருப்புக் குழம்பா இருந்ததுப்பா" என்றேன். "முன்னமே சொல்லியிருந்தா, கொஞ்சம் மரியாதையா உடைச்சிருப்பேனே!" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அந்த விடையை ஆங்கிலத்தில் எழுதி மதிப்பெண் வாங்கி ஆண்டுகள் பல ஆயின. பெற்றவருக்குத் தமிழில் சொல்ல ஒருநாள் கூட நேரவில்லையே!

திருமலைப் பாதையும் அப்படித்தான். கீழே பழம்பாறை, மேலே குவார்ட்சைட். இரண்டும் தொடும் கோட்டில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளி மறைந்திருக்கிறது. அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். நாமோ பேருந்தில் தூங்கிக்கொண்டே கடக்கிறோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடவெல்லையாகச் சொன்ன வேங்கடம் என்று மேடையில் முழங்குகிறோம். அம்மலை எதனால் ஆனது என்று கேட்டால் விழிக்கிறோம். அறியாத மண்ணின்மேல் கொண்ட பற்று வாய்ப்பற்று அன்றோ?

ஆகவே, என் வேண்டுகோள் இது: இவ்வாண்டு குப்பத்துக்கும் திருமலைக்கும் செல்வோம். கண்டதை, வீடு திரும்பியதும் ஒருவருக்கேனும் தமிழில் சொல்வோம். ஜோத்பூர்க் கோட்டை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். குப்பத்துக் கல்லோ நாள்தோறும் லாரி ஏறிக்கொண்டிருக்கிறது!