‘அசின்க் பைப்லைனுக்கு டெஸ்ட் எழுத முடியாது’: ஒரு மறுப்பு

இணையத்தளங்களிலிருந்து தரவு திரட்டும் மென்பொருள் எழுதுவோரிடையே ஒரு பேச்சு உண்டு: பைப்லைனை அசின்க் ஆக்கினால் வேகம் தானாக வரும், அதற்கு டெஸ்ட் எழுத முடியாது, ஓடவிட்டுப் பார்ப்பதே வழி. இதன் ஒவ்வொரு பகுதியும் பிழை.

எடுத்துக்காட்டுக்குத் திருகோணமலை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். மகாவலி ஆறு இங்கே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மேலே மன்னம்பிட்டியில் நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கும் நீர்மட்டம் உயர்ந்தால், வெருகல், மூதூர் மக்கள் விழித்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுகளை எடுத்துத் தரவுத்தளத்தில் சேர்க்கும் பைப்லைன் ஒன்றை ஸ்கிரேப்பி என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

‘அசின்க் என்றாலே வேகம்.’ இல்லை. ஸ்கிரேப்பி 2.0 (2020) முதல் பைப்லைன் செயற்கூறை அசின்க் ஆக எழுதலாம். ஆனால் அதற்குள் சாதாரண ஸ்லீப்பையோ, காத்திருக்க வைக்கும் பழைய தரவுத்தள டிரைவரையோ அழைத்தால், அப்போது கையாளப்படும் ஐட்டம் (ஓர் அளவுப் பதிவு) மட்டுமல்ல, பதிவிறக்கம் உட்பட எல்லாமே நிற்கும். காத்திருக்கும்போது மற்ற வேலைக்கு வழிவிடும் நூலகம் இருந்தால்தான் பலன்.

‘ஒரே திரெட்தானே, மோதல் வராது.’ வரும். ‘இந்த அளவு ஏற்கெனவே வந்ததா?’ என்று பார்க்கிறோம். இல்லை என்றால் தரவுத்தளத்தில் எழுத அவெய்ட் செய்கிறோம். எழுதி முடிந்த பிறகே ‘வந்தது’ என்று குறிக்கிறோம். முதல் ஐட்டம் அவெய்ட்டில் நிற்கும்போது அதன் நகல் உள்ளே வந்தால் அதுவும் தேறிவிடும். ஒரே அளவு இரண்டு முறை பதிவாகும். அவெய்ட்டுக்கு முன்பே குறித்துவிட வேண்டும், எழுதுவது தோற்றால் குறியை நீக்க வேண்டும்; தரவுத்தளத்திலும் யூனிக் கட்டுப்பாடு வேண்டும்.

‘டெஸ்ட் எழுத வழியில்லை.’ பைத்தான் 3.8 (2019) முதல் யூனிட்டெஸ்டிலேயே அசின்க் சோதனைகளுக்கெனத் தனி வகுப்பும், அசின்க்மாக்கும் உண்டு. மேலே சொன்ன பிழையைப் பிடிக்க உண்மையான தளமோ தரவுத்தளமோ தேவையில்லை. ஒரு போலித் தரவுத்தளத்தை எழுதி, அதன் முதல் பதிவை ஈவென்ட் ஒன்றால் தடுத்து நிறுத்துங்கள். நகல் ஐட்டத்தை அனுப்புங்கள். பிறகு ஈவென்ட்டைத் திறந்துவிட்டு, எத்தனை பதிவு விழுந்தது என்று எண்ணுங்கள். இங்கே ஸ்லீப் போட்டு வரிசையை உறுதிசெய்ய முயன்றால், வேகமான கணினியில் தேறும் டெஸ்ட் மெதுவான கணினியில் தோற்கும்.

‘நேரடித் தளத்தில் ஓடவிட்டால் போதும்.’ அங்கே கிடைப்பது இன்றைய பக்கம் மட்டுமே. அளவுக்குப் பதில் கோடு போட்ட பக்கம், வெற்று வரி, தாமதமாக வந்த அறிக்கை எல்லாம் நீங்கள் பார்க்கும் நாளில் வராது. அவற்றைக் கோப்பாகச் சேமித்தோ, கையால் தயாரித்தோ டெஸ்டில் வைக்க வேண்டும். மக்கள் திரண்டு பார்க்கும் வெள்ள நாளில் பொதுச் சேவைத் தளத்தைச் சோதனைக்காகத் தட்டிக்கொண்டிருப்பதும் முறையல்ல. தரவு திரட்டும் நிரலான ஸ்பைடர் மூடப்படும்போது எழுதாமல் மிஞ்சிய பதிவுகள் சேமிக்கப்படுகின்றனவா என்பதும், சோதித்தால் மட்டுமே தெரியும்.

ஆகவே அடுத்த பைப்லைனை எழுதும்போது, இரட்டைப் பதிவுக்கான டெஸ்டை முதலில் எழுதுங்கள். அது தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு நிரலைத் திருத்துங்கள்.